சாமியார் நெற்றிச் சாம்பல்

செத்துப்போன மாட்டுக்கு ஒரு பூசை வைக்கச் சொல்லித் தாயம்மா வந்து நின்றபோதுதான், தான் பேசிய பேச்சு எங்கெங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது மாதா கோயில் சூசைநாதர் சாமியாருக்கு உறைத்தது.

தாயம்மா மாரிகுப்பத்துத் தங்கச் சுரங்கக் கூலி லைன் வீடுகளுக்கெல்லாம் தண்ணீர் வண்டி ஓட்டுகிறவள். சுரங்கத்தில் கல் சரிந்து கணவன் போய்ச் சேர்ந்தபின், அவளும் இரண்டு மாடுகளுமாகப் பிழைத்து வந்தார்கள். அதில் ஒன்று முந்தின நாள் மேட்டில் ஏறும்போது மடங்கி விழுந்தது. எழுந்திருக்கவேயில்லை.

"நீங்கதான சாமி சொன்னீங்க," என்றாள். "மாடும் மனுசனும் ஒரே மண்ணுலேர்ந்து வந்தது, ஒண்ணுக்கொண்ணு ஒறவுன்னு. ஒறவு செத்தா பூசை வெக்க வேணாமா?"

சாமியார் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மாட்டின் உயிர் மாட்டோடு முடிந்துவிடும், மனிதனின் ஆத்துமம்தான் அழியாதது, பூசை ஆத்துமத்துக்குத்தான். தாயம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்ப ஒறவுன்னு இன்னாத்துக்கு சொன்னீங்க?"

சாமியார் அவள் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பினார். அவள் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றிருந்தார்.

சொன்னது அவர்தான். சொல்ல வைத்தவன் ஜெயகரன்.

ஜெயகரனுக்கு அஸே ஆபீஸில் வேலை. சுரங்கத்திலிருந்து வரும் கல்லில் கொஞ்சம் எடுத்து, இடித்து, மாவாகச் சலித்து, உலையில் உருக்கி, திராவகத்தில் போட்டு, அதில் எவ்வளவு தங்கம் தேறும் என்று பார்த்துச் சொல்கிற இடம் அது. திராவகம் பட்டுப் பட்டு அவன் விரல் நுனிகள் மஞ்சளாகிவிட்டிருந்தன. இடிக்கும்போது பறந்த கல்தூள் எங்கே போய்த் தங்கியது என்பது பின்னால்தான் தெரிந்தது.

சுரங்கத்தை அளக்கும் வெள்ளைக்காரச் சர்வே துரை படித்துவிட்டுத் தூக்கிப் போட்ட பத்திரிகைகளை அவன் எடுத்துவந்து படிப்பான். உயிர்களெல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றாக யுகயுகமாக மாறி வந்தவை, மனிதனின் உடம்பும் அப்படித்தான் வந்தது என்று அவற்றில் எழுதியிருந்தது. ஆறு நாளில் உலகம், களிமண்ணில் ஆதாம் என்று சின்ன வயதில் ஞானோபதேசம் படித்தவனுக்கு, இரண்டில் ஒன்றுதான் நிஜமாக இருக்கமுடியும் என்று தோன்றிவிட்டது. கோயிலை விட்டான். குடித்துவிட்டுக் கோயிலுக்கு வராதவர்கள் சாமியாருக்குப் பழக்கம்தான். யோசித்துவிட்டு வராமல் இருந்தவன் அவன் ஒருவன். அவன் மனைவி லூயிசா ஒவ்வொரு ஞாயிறும் தனியாக வந்து, மாதா சுரூபத்துக்கு எதிரே முழந்தாளிட்டு அழுதுவிட்டுப் போவாள்.

சாமியார் அவனைத் தேடிப் போனார். வேதத்தை எடுத்து அவன் தலையில் போடுகிற ஆள் இல்லை அவர். சாயங்காலங்களில் சுரங்கத்துக் கழிவுக்கல் கொட்டிய மேட்டில் இரண்டுபேரும் உட்கார்ந்து பேசினார்கள். ஒருநாள் ஜெயகரன் ஒரு கருங்கல் துண்டை எடுத்து அவர் கையில் வைத்தான்.

"இந்தக் கல்லுல ஒரு சிப்பி கெடையாது, ஒரு எல தடம் கெடையாது. உயிர்னு ஒண்ணு வர்றதுக்கு முன்னாடி உண்டான கல்லுன்னு துரை சொல்றாரு. இத்தினி காலத்த எந்த ஆறு நாள்ல அடைப்பீங்க சாமி?"

சாமியார் அந்தக் கல்லைக் கொஞ்சநேரம் உருட்டிக்கொண்டிருந்தார். குருமடத்தில் இருந்த காலத்தில் பிரெஞ்சுப் பத்திரிகைகளில் இந்த வழக்கை அவரும் படித்திருந்தார். படித்து, ஒரு முடிவுக்கும் வந்திருந்தார். யாரிடமும் சொன்னதில்லை.

"சர்வேசுரன் நம்ம உடம்ப ஒரே நாள்ல பிசைஞ்சிருக்கலாம். யுகயுகமா, வேற வேற உடம்பு வழியா பிசைஞ்சும் இருக்கலாம். பிசைஞ்ச நேரம் அதிகம்ங்கிறதுக்காக பிசைஞ்ச கை இல்லேன்னு ஆயிடுமா? ஆத்துமத்த மட்டும் அவரே நேரா ஊதினாரு. இவ்வளவுதான் ஜெயகரன் எனக்குத் தெரிஞ்சது."

அந்த வருஷத்து ஏசு உயிர்த்த திருநாளுக்கு ஜெயகரன் வந்து பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை அப்பமாகிய நன்மை வாங்கினான். சாமியாருக்கு அன்று சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. ஒரு சாமியாரின் ஆயுசில் அப்படிப்பட்ட நாள் ஒன்றோ இரண்டோதான் வரும்.

ஆனால் ஜெயகரன் அதோடு விடவில்லை. "காதுல மட்டும் சொன்னா எப்பிடி சாமி? நிஜம்னா கோயில்ல சொல்லுங்க. காதுல ஒண்ணு, கோயில்ல ஒண்ணுன்னா அது நிஜமே இல்ல" என்று பிடித்துக்கொண்டான். அவன் கேட்டது நியாயம் என்றுதான் சாமியாருக்கும் பட்டது. தை மாதத்தில் வனத்து அந்தோணியார் திருநாள் வந்தது. அன்று ஆடுமாடுகளைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துக் கோயில் வாசலுக்கு ஓட்டிவருவார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அந்தக் கூட்டத்தின் நடுவில், மணி கட்டிய மாடுகள் தலையாட்டிக் கேட்க, கல்மேட்டில் சொன்னதை அவர் எல்லோருக்கும் சொன்னார்.

கேட்டவர்கள் அவரவருக்கு எட்டியபடி எடுத்துக்கொண்டார்கள். கள்ளுக்கடையில் சின்னசாமி, "இன்னாபா, உங்க சாமியாரும் ஆஞ்சநேயர் கட்சிக்கு வந்துட்டாராமே!" என்று கிறிஸ்தவப் பையன்களைச் சீண்டினான். தாயம்மா மாட்டுக்குப் பூசை கேட்டாள். இவையெல்லாம் சிரித்து மறந்துபோகிற சங்கதிகள். வினை வந்தது பிரியத்தால்.

கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் நேசமணிக்குச் சாமியார் என்றால் உயிர். கோடையில் பிள்ளைகளுக்கு உறுதிப்பூசுதல் கொடுக்க வந்த, சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியாரைப் பங்காருபேட்டைக்கே போய் எதிர்கொண்டு, மாரிகுப்பம் ரயிலில் ஏற்றி அழைத்து வந்தவர் அவர்தான். வழியெல்லாம் சாமியாரைப் பற்றித்தான் பேச்சு. "எங்க சாமியார் பிரசங்கம் பண்ணா சும்மா இல்லீங்க ஆண்டவரே. மாடும் மனுசனும் ஒரே வழியில வந்ததுன்னு அவர் சொன்னதக் கேட்டு, செத்த மாட்டுக்கே பூசை வெக்கச் சொல்லி ஜனங்க வந்துட்டாங்க!" என்று பெருமை பொங்கச் சொன்னார். மேற்றிராணியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் பேசாமல் வந்தது களைப்பினால் என்று உபதேசியார் நினைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் கோயில் பின்னறையில் மேற்றிராணியார் சாமியாரை எதிரே உட்காரவைத்தார். பிரான்சில் பிறந்து, நம் ஊர்க் காய்ச்சல்களிலேயே கிழவரானவர். கடிந்து பேசத் தெரியாதவர். கடிந்து பேசியிருந்தால் சாமியாருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீர் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. உரோமையில் பெரியவர்களே இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முடிவு செய்யாததை நீர் மாடுகளுக்கு நடுவில் நின்று முடிவு செய்துவிட்டீர்."

"முடிவு என்று சொல்லவில்லை, ஆண்டவரே. இருக்கலாம் என்றுதான் சொன்னேன்."

"தண்ணீர் வண்டிக்காரிக்கு 'இருக்கலாம்' கேட்கவில்லையே. சொன்னதை மீட்டுக்கொள்ளும். இனிமேல் கோயிலிலோ, வீட்டிலோ, வழியிலோ இதைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம்."

"இதனால் ஒருவன் திரும்பி வந்திருக்கிறான். மீட்டுக்கொண்டால் அவன் போய்விடுவான்."

"உம்முடைய பேச்சால் வந்தவன் என்றால் போவான்தான். சர்வேசுரனால் வந்தவன் என்றால் போனாலும் வருவான்."

இதைச் சொல்லிவிட்டு மேற்றிராணியார் இரண்டு கைகளையும் நீட்டினார். சாமியாருக்குப் புரிந்தது. குருப்பட்டம் வாங்கிய நாளில் அவர் தன் கூப்பிய கைகளை இதே மேற்றிராணியாரின் கைகளுக்குள் வைத்து, உமக்கும் உமக்குப் பின் வருபவர்களுக்கும் கீழ்ப்படிவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அன்று அந்தக் கைகள் உறுதியாக இருந்தன. இப்போது நரம்பு புடைத்து மெலிந்திருந்தன. சாமியார் முழந்தாளிட்டுத் தன் கைகளை மறுபடி அவற்றுக்குள் வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை நடுவில் ஜனங்கள் பக்கம் திரும்பி நின்று சொன்னார். "அந்தோணியார் திருநாளில் நான் சொன்னதைச் சொல்ல எனக்கு உத்தரவு இல்லை. அதை மீட்டுக்கொள்கிறேன். யாருக்காவது அதனால் குழப்பம் வந்திருந்தால் மன்னியுங்கள்." தாயம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உபதேசியாருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கி, முகம் செத்துவிட்டது. ஆண்கள் பக்கத்தில் ஜெயகரன் எழுந்தான். பீடத்தைப் பார்த்துத் தலை வணங்காமல், அவரை நேராகப் பார்த்துவிட்டு வெளியே போனான். வாசலில் அவன் செருப்பை மாட்டிக்கொள்ளும் சத்தம்கூடக் கோயிலுக்குள் கேட்டது.

பிறகு அவன் வரவில்லை. சாமியார் வீட்டுக்குப் போனால், "ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று சொல்லிக் கிளம்பிவிடுவான்.

சாமியாருக்குக் கோபம் வந்தது. மேற்றிராணியார் மேல் வந்தது, உரோமையில் யோசித்துக்கொண்டே இருக்கும் பெரியவர்கள் மேல் வந்தது, கடைசியில் எல்லாம் தன்மேலேயே வந்து விடிந்தது. கீழ்ப்படிந்தால் மனம் லேசாகிவிடும் என்று குருமடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் கீழ்ப்படிந்து பார்த்தவர்களாகத் தெரியவில்லை. ஆனாலும் கொடுத்த வாக்கை அவர் மீறவில்லை. மீறவேண்டும் என்று ஆசைப்படாத நாளும் இல்லை.

மழைக்காலம் முடிகிற சமயம் ஜெயகரனுக்கு இருமல் கண்டது. ஆஸ்பத்திரி டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, இத்தனை வருஷத்துக் கல்தூளும் உள்ளேதான் இருக்கிறது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சாமியார் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். வேண்டாம் என்று பதில் வந்தது.

விபூதித் திருநாள் வந்தது. தவசுகாலம் தொடங்குகிற அந்தப் புதன்கிழமை, போன வருஷத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலை நெற்றியில் பூசி, "மனிதனே, நீ தூளாயிருக்கிறாய், தூளாகவே திரும்பிப் போவாய் என்று நினைத்துக்கொள்" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லவேண்டும். லத்தீனில் சொல்லிவிட்டு, ஜனங்களுக்காகச் சாமியார் தமிழிலும் சொல்வார். ஆனால் பூசுகிறவருக்கு யார் பூசுவது? இன்னொரு குருவானவர் இருந்தால் அவர் பூசுவார். தனியாக இருக்கிறவர் பீடத்தின் முன் முழந்தாளிட்டுத் தானே பூசிக்கொள்ள வேண்டும், வாய் திறக்கக்கூடாது என்று சட்டம். மாரிகுப்பத்துக்கு வந்த நாள்முதல் அவர் அப்படித்தான் பூசிக்கொண்டு வந்தார். அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. இந்த வருஷம் கட்டைவிரலை நெற்றியில் வைத்தபோது, இதற்கும் வாயைக் கட்டிவிட்டார்களே என்று துக்கம் பொங்கிக்கொண்டு வந்தது.

பூசை முடிந்ததும் லூயிசா பின்னறை வாசலில் வந்து நின்றாள். தூங்கி எத்தனை நாளாயிற்றோ, கண் குழி விழுந்திருந்தது.

"இன்னிக்கித் தாண்டுமான்னு தெரியல சாமி. ஒங்களக் கூட்டிகினு வரச் சொன்னாரு. அவரே சொன்னாரு." சட்டென்று அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "அவரு ஒரே ஒரு கேள்விதான் கேப்பாராம். அன்னிக்கி நீங்க சொன்னது நிஜம்தான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க சாமி. மேற்றிராணி ஆண்டவரு இங்க இல்ல, அவருக்குத் தெரியவா போவுது? ஒங்க ஒரு வார்த்தையில எம் புருசன் மோட்சத்துக்குப் போயிடுவாரு."

சாமியார் அவளைத் தூக்கி நிறுத்தினார். நற்கருணைப் பேழையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சாகக்கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தைப்பூசுதல் எண்ணெயையும் சாம்பல் தட்டையும் எடுத்துக்கொண்டு நடந்தார். நேசமணி உபதேசியார் மணியடித்தபடி முன்னால் போனார். லைன் வாசல்களில் பெண்கள் முழந்தாளிட்டார்கள். கல்லிடிக்கும் மில்லின் சத்தம் வழியெல்லாம் கூட வந்தது.

ஜெயகரன் கயிற்றுக்கட்டிலில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு வரவில்லை. லூயிசாவையும் உபதேசியாரையும் வெளியே இருக்கச் சொல்லிக் கைகாட்டினான்.

"வாங்க சாமி. இன்னிக்கி எத மீட்டுக்கப் போறீங்க?"

சாமியார் கட்டில் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தார்.

"கோவிச்சுக்காதீங்க," என்றான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கினான். "ஒரே கேள்வி. கல்மேட்டுல நீங்க சொன்னது நிஜமா, இல்லியா? வாயத் தொறக்கக்கூடாதுன்னா தொறக்க வேணாம். ஆமான்னு தலைய ஆட்டுங்க, போதும். நான் பாவசங்கீர்த்தனம் பண்ணி நன்மை வாங்கிக்கறேன். நானும் நீங்களும்தான் கீறோம்."

தலையாட்டுவது பேச்சில் சேருமா? வார்த்தை வேண்டாம் என்றுதானே மேற்றிராணியார் சொன்னார்? போகிற உயிரைக் காப்பாற்ற எந்தச் சட்டமும் விலகாதா? குருமடத்தில் படித்த தர்க்கமெல்லாம் உதவிக்கு ஓடிவந்தது. இவ்வளவு நாளும் அவர் ஆசைப்பட்டது இதைத்தான். அது இப்போது ஒரு தலையசைப்பு தூரத்தில் இருந்தது. எதிரே ஒரு மனிதன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான். அவர் தம் முழங்கால்களை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"சொன்னத மீட்டுக்கிட்டேன் ஜெயகரன்."

"மனசாலயா, வாயாலயா?"

"அதையும் சொல்ல எனக்கு உத்தரவு இல்ல. அவர் கையில என் கைய வெச்சுக் குடுத்த வாக்கு அது. இங்க யாரும் பாக்கலேன்னு நான் தலையாட்டினா அது பொய்யாப் போயிடும். உன்ன இப்பிடி விட்டுட்டுப் போறதுக்கு எனக்குப் பயமா இருக்கு. என் உசுரக் கேட்டா குடுத்துடுவேன். இதக் குடுக்க முடியல."

அவர் அழுதார். மூடி மறைக்கத் தோன்றவில்லை. ஜெயகரன் அவர் அழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இருமல் வந்து அவனை உலுக்கிவிட்டுப் போனது.

"தலையாட்டி இருந்தீங்கன்னா, எழுந்து போங்கன்னு சொல்லி இருப்பேன்," என்றான்.

சாமியார் நிமிர்ந்தார்.

"கோயில்ல ஒண்ணு, காதுல ஒண்ணு சொல்ற ஆளு, ஒன் பாவத்த மன்னிச்சேன்னு சொன்னா, அது எந்தச் சொல்லுன்னு எடுத்துக்கறது? ஒரு மாசமா இதத்தான் நெனச்சிகினு கெடந்தேன்." கொஞ்சம் ஓய்ந்துவிட்டுச் சொன்னான். "ஒங்க மேற்றிராணியாரு பண்ணது சரின்னு நான் ஒத்துக்க மாட்டேன். கல்மேட்டுல கேட்டத என் மனசுலேர்ந்து எடுக்கவும் மாட்டேன்."

"அத நான் கேக்கல."

"தட்டுல இன்னா?"

"சாம்பல். இன்னிக்கு விபூதித் திருநாள்."

"அதுக்குச் சொல்ற வார்த்தைக்காவது உத்தரவு கீதா?"

"இருக்கு."

"அப்ப சொல்லுங்க."

சாமியார் சாம்பலைத் தொட்டு அவன் நெற்றியில் சிலுவை போட்டார். மனிதனே, நீ தூளாயிருக்கிறாய். வாழ்நாளெல்லாம் கல்லைத் தூளாக்கியவன், அந்தத் தூளாலேயே மூச்சு அடைத்துக் கிடந்தவன், கண்ணை மூடிக் கேட்டான். "இத துரையும் ஒத்துக்குவாரு, உரோமாபுரியும் ஒத்துக்கும்," என்று முனகினான். பிறகு பாவசங்கீர்த்தனம் செய்தான். அவஸ்தைப்பூசுதல் பெற்றான். லூயிசாவை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் பார்க்க நன்மை வாங்கினான். அவள் அழுத அழுகை வேறு மாதிரி இருந்தது.

சாமியார் எழுந்திருக்கப் போனபோது ஜெயகரன் அவர் நெற்றியைப் பார்த்தான். காலையில் பூசிய சாம்பல் வியர்வையில் கரைந்து போயிருந்தது.

"ஒங்களுக்கு யாரு பூசனது?"

"நானேதான்."

"யாரு சொன்னது? அந்த வார்த்தைய?"

"யாரும் சொல்லல. தனியா இருக்கறவன் வாய் தொறக்காம பூசிக்கணும்."

ஜெயகரன் அவரையே பார்த்தான். அவன் முகத்தில் கேலி வரும் என்று சாமியார் நினைத்தார். வரவில்லை. அவன் மஞ்சள் விரலை நீட்டித் தட்டிலிருந்த சாம்பலைத் தொட்டான். சாமியார் கட்டிலோரம் முழந்தாளிட்டார். அவன் கை மெல்ல அவர் நெற்றிவரை வந்து, ஒரு கோணல் சிலுவை போட்டது.

"மனிதனே," என்றான். மூச்சு வாங்கினான். "நீ தூளாயிருக்கிறாய்."

மிச்சத்தைச் சொல்ல அவனுக்கு மூச்சு இல்லை. லூயிசா சொல்லி முடித்தாள்.

அன்று மாலை விளக்கு வைப்பதற்கு முன் ஜெயகரன் போய்விட்டான். மறுநாள் கோயில் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். கடினமான தரை, சுரங்கத்து ஆட்கள் வந்து கடப்பாரை போட்டுக் குழி தோண்டிக் கொடுத்தார்கள். தாயம்மா தன் ஒற்றை மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தாள்.

சாமியார் அடுத்தமுறை பெங்களூருக்குப் போனபோது, ஒரு வயதான குருவானவரிடம் தம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னார். குருவாகாத ஒருவன் கையால், அதற்குரிய வாக்கியத்தோடு, சாம்பல் பூசிக்கொண்டேன் என்றார். அது முறையல்ல என்று உமக்குத் தெரியாதா, ஏன் அவன் கையைத் தடுக்கவில்லை என்று அந்த வயதானவர் கேட்டார்.

"தடுக்க மனசு வரவில்லை, சுவாமி," என்றார் சூசைநாதர் சாமியார். "ஒரு தடவையாவது யாராவது எனக்கு அதைச் சொல்லிக் கேட்கவேண்டும் போலிருந்தது."